குட்டை முடி சுருள மாட்டேன் என்கிறதா? கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கழுத்தோடு நிற்கும் பாப் வெட்டு, அதைவிடக் குட்டையான பாய் கட், மொட்டை போட்டு வளர்ந்துகொண்டிருக்கும் முடி. இந்த மூன்றுக்கும்தான் இந்தக் குறிப்பு. முடி சுருட்டச் சொல்லித்தரும் வீடியோக்களில் வருகிறவர்களுக்கு முக்கால்வாசி நேரம் முதுகு வரை முடி இருக்கும். அவர்கள் செய்வதை அப்படியே நாலு விரல் நீள முடியில் செய்தால் சூடாக்கிச் சுருட்டும் கர்லிங் கம்பி நழுவும், காது சுடும், கடைசியில் எரிச்சலில் தலையை நனைத்துவிட்டு எழுந்து போவோம். நீள முடியில் சின்னப் பிசகெல்லாம் முடியின் கனத்திலேயே மறைந்துவிடும். குட்டை முடியில் ஒவ்வொரு பிசகும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

முதலில் ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும், கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் தானாகவே தெரிந்துவிடும். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் கட்டுகளில் ஒரு வகை ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டால் அது அவிழும், காயும்போது மறுபடி கட்டிக்கொள்ளும். சூடு பட்டாலும் தளரும், ஆறும்போது இறுகும். முடி எந்த வடிவத்தில் இருக்கும்போது காய்கிறதோ, ஆறுகிறதோ, அந்த வடிவம் அடுத்த முறை தலைக்குக் குளிக்கும் வரை நிற்கும். ஈரமாக ரோலர் போடுவதும் சரி, கர்லிங் கம்பியால் சுருட்டுவதும் சரி, இரண்டுக்கும் அடிப்படை இதுதான். காய்வதற்குள் அவிழ்த்தாலும் ஆறுவதற்குள் சீவினாலும் செய்த வேலை வீண்.

தொடங்குவதற்கு முன் ஒரு ஸ்கேல் எடுத்து உச்சி, காதோரம், பிடரி என்று மூன்று இடத்திலும் முடியை அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குட்டை வெட்டில் மூன்றும் ஒரே அளவில் இருக்காது. உச்சியில் 12 சென்டிமீட்டர் இருக்கும், பிடரியில் 4 கூட இருக்காது. ஒரே கருவியால் தலை முழுக்கச் செய்ய முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

கம்பியில் முடி சுற்றவே மாட்டேன் என்கிறது, நழுவி வெளியே வருகிறது

கையில் பிசகு இல்லை, கணக்கில்தான் பிசகு. கம்பியின் குறுக்களவை 3.14 ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முடி வேண்டும் என்று தெரிந்துவிடும். 32 மில்லிமீட்டர் கம்பிக்கு ஒரு சுற்றுக்கே 10 சென்டிமீட்டர் முடி வேண்டும். 25 மில்லிமீட்டருக்கு கிட்டத்தட்ட 8. 19 மில்லிமீட்டருக்கு 6. 13 மில்லிமீட்டருக்கு 4. இதோடு, தலைத்தோலில் சுடாமல் இருக்க வேரில் ஒன்றரை சென்டிமீட்டரை விட்டுவிட வேண்டும். ஆக 10 சென்டிமீட்டர் முடியில் சுற்றக் கிடைப்பது எட்டரைதான்.

ஒரு சுற்று சுற்றினால் முடி உள்பக்கம் லேசாக வளையும், அவ்வளவுதான். அதைச் சுருள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போனால்தான் சுருளாகத் தெரியும், இரண்டரை போனால் முழு வளையமாக நிற்கும். அந்த எட்டரை சென்டிமீட்டர் 25 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு சுற்றோடு முடிந்துவிடும். 19 கம்பியில் ஏறத்தாழ ஒன்றரை வரும், 13 கம்பியில் இரண்டு. கடைகளில் முன்வரிசையில் வைத்திருப்பது பெரும்பாலும் 25, 32 அளவுதான். குட்டை முடிக்கு 13 அல்லது 19 என்று கேட்டு வாங்குங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு 19க்கு. 13 மில்லிமீட்டர் கம்பி, கொஞ்சம் நேரம் கூடினாலும் ஸ்பிரிங் ஆக்கிவிடும்.

முடி 5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கம்பியை ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள். மொட்டைக்குப் பிறகு முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். பழனியில் முடி கொடுத்து நாலு மாதம் ஆனவருக்கு 4, 5 சென்டிமீட்டர்தான் இருக்கும். அந்தக் கட்டத்தில் ஜெல் தடவி விரலால் சுருட்டி ஹேர்பின் குத்துவதுதான் ஒத்துவரும். அதைப் பிடரிப் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டில் ஸ்டிரெய்ட்னர் இருந்தால் அதையும் முயன்று பார்க்கலாம். ஓரம் வளைவாக இருக்கும் மெல்லிய ஸ்டிரெய்ட்னராக இருக்க வேண்டும். முடியைக் கவ்வி, பாதிச் சுற்று திருப்பி, மெல்ல நுனி வரை இழுத்தால் போதும். கூர் ஓரம் உள்ளதில் செய்தால் முடி மடிந்த காகிதம் மாதிரி கோடு விழுந்து நிற்கும்.

நன்றாகச் சுருண்டது, அரை மணி நேரத்தில் தொங்கிவிட்டது

எல்லோரும் சொல்லும் புகார் இது. காரணம் ஒன்றல்ல, அதனால் எப்போது தொங்கியது, எங்கே தொங்கியது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கம்பியை எடுத்த பத்து நிமிடத்துக்குள்ளேயே தொங்கியது என்றால், சூடாக இருக்கும்போதே விட்டுவிட்டீர்கள். கம்பியில் இருந்து வளையத்தைக் குலையாமல் உருவி, உள்ளங்கையில் ஏந்தி, அதே வளையமாகத் தலையோடு சேர்த்து ஒரு கிளிப் போடுங்கள். அப்படியே தலை முழுக்க முடித்துவிட்டு, கடைசியாகச் சுருட்டியதும் ஆறிய பிறகுதான் முதல் கிளிப்பைக் கழற்ற வேண்டும். தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பு இருந்தால்கூடக் காத்திருங்கள். பார்லர்களில் செய்யும் சுருள் மாலை வரை நிற்பதில் பெரும் பங்கு இந்தக் காத்திருப்புக்குத்தான். ஹேர் டிரையரில் குளிர்காற்றுப் பொத்தான் வைத்திருப்பதும் இதற்காகத்தான். நம்மில் பலர் அதை ஒரு நாளும் அமுக்கியிருக்க மாட்டோம்.

நம்ப முடியவில்லை என்றால் ஒரு சோதனை செய்து பாருங்கள். வலப்பக்கம் கிளிப் போட்டு ஆற விடுங்கள், இடப்பக்கம் அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடி பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆற விட்டும் தொங்கினால் அடுத்த சந்தேகம் எண்ணெய் மேல். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே ஊறிப் போகக்கூடியது, மேலேயும் ஒரு படலமாகத் தங்கும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குச் சுருட்ட உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சீயக்காய் போட்டுக் குளித்தாலும் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருக்கும், பளபளப்புக்கு அது நல்லதுதான், சுருளுக்கு ஆகாது. சுருட்டும் நாளில் ஷாம்பூ இரண்டு முறை போட்டு அலசுங்கள். கண்டிஷனரை நுனியில் மட்டும் கொஞ்சம் தடவிக் கழுவிவிடுங்கள், வேர்ப்பக்கம் வேண்டாம்.

வீட்டுக்குள் நன்றாக இருந்தது, வாசலைத் தாண்டி ஆட்டோ பிடிப்பதற்குள் தளர்ந்தது என்றால் குற்றவாளி காற்றின் ஈரம். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் இதைத் தவிர்க்க முடியாது. முடி காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் ஹைட்ரஜன் பிணைப்பு அவிழும். இங்கே செய்யக்கூடியது, சுருள் முழுக்க ஆறிய பிறகு ஹேர் ஸ்பிரே அடித்து ஈரம் நுழையும் வேகத்தைக் குறைப்பது. ஓரடி தள்ளிப் பிடித்து, இரண்டு மெல்லிய சுற்றாக அடியுங்கள். பக்கத்தில் வைத்து ஒரே இடத்தில் அடித்தால் அந்த ஸ்பிரேயே முடியை நனைத்துவிடும். ஏசி உள்ள அறை இருந்தால் அங்கே உட்கார்ந்து சுருட்டுங்கள், காற்று வறண்டிருக்கும், வியர்க்கவும் வியர்க்காது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று செய்வது எல்லாவற்றிலும் மோசம். சற்று முன் யாராவது வெந்நீரில் குளித்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் திறந்தவெளி வரவேற்பு என்றால் கம்பிச் சுருளை நம்பிப் போகாதீர்கள். காதோர முடியை முறுக்கிப் பின் குத்திக்கொண்டு போவது நிம்மதி.

முன்பக்கம் நிற்கிறது, பின்பக்கம் மட்டும் தொங்குகிறது என்றால் பின்னால் கை வலித்துப் பெரிய பெரிய கற்றையாக எடுத்திருப்பீர்கள். கற்றை கம்பியைவிட அகலமாக இருந்தால் வெளிச்சுற்றில் இருக்கும் முடிக்குச் சூடே போய்ச் சேராது. ஒரு விரல் அகலம் போதும்.

எதைச் செய்தும் எங்கேயும் நிற்கவில்லை என்றால், கடந்த சில மாதத்தில் ஸ்மூத்தனிங், கெரட்டின் டிரீட்மென்ட் என்று ஏதாவது செய்தீர்களா? அவை முடியை நேராகவே வைத்திருப்பதற்காகச் செய்யப்படுபவை. வளர்ந்து, வெட்டிப் போகும் வரை அந்தப் பகுதி முரண்டு பிடிக்கும். சூட்டைக் கூட்டி அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

‘சுர்’ரென்று சத்தம், ஆவி, கருகல் வாடை

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

‘சுர்’ சத்தம் வந்தால் முடியில் ஈரம் இருக்கிறது. உடனே கம்பியை எடுங்கள். முடிக்குள் இருக்கும் தண்ணீர் அங்கேயே கொதித்து ஆவியாகி, முடியின் உள்ளே குமிழ் குமிழாக ஓட்டை விழச் செய்யும். தோல் மருத்துவர்கள் இதைக் குமிழ் முடி என்றே ஒரு தனிக் கோளாறாக வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் முடி பிறகு ஒடிந்து விழும். கை வைத்தால் உலர்ந்த மாதிரிதான் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். முக்கியமாகக் காதுக்குப் பின்னால் கடைசியாகத்தான் காயும். டிரையர் போட்ட பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருந்து, வேரோடு தொட்டுப் பார்த்துத் தொடங்குங்கள். ஹேர் ஸ்பிரே அடித்த கையோடு கம்பி வைத்தாலும் இதே சத்தம் வரும். அதில் ஆல்கஹால் இருக்கும், தீப்பிடிக்கும் பொருள். கேஸ் அடுப்பு, சாமி விளக்கு பக்கத்தில் அடிக்கவே கூடாது.

வெள்ளைப் புகை, கூடவே எண்ணெய்ச் சட்டி வாசம் வந்தால் எண்ணெயோ சீரமோ அதிகம்.

கருகல் வாடை வந்தால் சூடு அதிகம். மெல்லிய முடிக்கும் டை அடித்த முடிக்கும் 150 டிகிரி செல்சியஸுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர முடிக்கு 160, 170. கனமான முரட்டு முடிக்கு 180 வரை போகலாம். 200க்கு மேல் எவருக்கும் வேண்டாம், கெரட்டினே சிதைய ஆரம்பித்துவிடும். பெட்டியில் 230 என்று பெருமையாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு கற்றைக்கு எட்டுப் பத்து விநாடி போதும். குட்டை முடியில் சுற்று குறைவு, அதனால் சூடு சீக்கிரம் ஊடுருவும்.

விலை மலிவான கம்பிகளில் வெறும் ஆன், ஆஃப் மட்டும்தான் இருக்கும், டிகிரி காட்டாது. அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. பாரிஸில் மார்செல் கிரத்தோ என்ற முடிதிருத்துநர் 1870களில் இடுக்கியைத் தீயில் காய்ச்சி அலை அலையாகச் சுருட்டும் முறையைக் கொண்டுவந்தார். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் எதுவும் இல்லாத அந்த வகை இடுக்கிகளைக் காகிதத்தில் வைத்துப் பார்த்துத்தான் சூட்டை மதிப்பிடுவார்கள். நாமும் அதையே செய்யலாம். வெள்ளை டிஷ்யூ காகிதத்தைக் கம்பியில் ஐந்து விநாடி கவ்விப் பிடியுங்கள். காகிதம் பழுப்பேறினால் முடியில் வைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி இரண்டு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள்.

அமெரிக்காவில் இருந்து அத்தை கொண்டுவந்த கம்பியா? அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் செருகாதீர்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் வீட்டு 230 வோல்ட்டில் அது தாங்காது. வெறும் பிளக் மாற்றி வாங்கிப் போட்டாலும் வோல்ட் மாறாது. 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் கவலை இல்லை.

நுனி மட்டும் கொக்கி போல் மடங்கி நிற்கிறது

சுற்றத் தொடங்கும்போது நுனி கம்பியிலோ ரோலரிலோ சீராகப் படியாமல் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஏற்ற இறக்கமாக வெட்டிய முடியில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் ஒரே கற்றையில் நாலு நீளம் இருக்கும். ரோலர் போடுவதாக இருந்தால் டிஷ்யூ காகிதத்தைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கற்றையின் நுனியை இரண்டாக மடித்த காகிதத்துக்குள் வைத்து, காகிதத்தோடு சேர்த்துச் சுற்றுங்கள். எல்லா நுனியும் ஒரே பக்கம் படியும். பார்லரில் பெர்ம் (மருந்து போட்டு நிலையாகச் சுருட்டுவது) பண்ணும்போது வெள்ளைக் காகிதம் வைப்பதும் இதற்குத்தான். கம்பியாக இருந்தால், நடுமுடியில் கவ்வி மெல்ல நுனி வரை நழுவவிட்டு, நுனி முழுக்கக் கவ்விக்குள் வந்த பிறகு வேர் நோக்கிச் சுருட்டுங்கள்.

கொக்கி ஏற்கெனவே விழுந்துவிட்டதா? அந்த நுனியை மட்டும் ஈர விரலால் நனைத்து, டிரையரில் உலர்த்தி, மறுபடி செய்யுங்கள். கொக்கியின் மேலேயே திரும்பத் திரும்பக் கம்பி வைத்தால் நுனி வெடிக்கும்.

உச்சியில் சப்பென்று ஒட்டியிருக்கிறது, கீழே மட்டும் சுருண்டிருக்கிறது

குட்டை முடிக்கு அழகு தருவது உச்சியின் எழுச்சிதான். அது இல்லாமல் கீழே மட்டும் சுருண்டால் தொப்பி போட்டு எடுத்த மாதிரி இருக்கும். கற்றையை எந்தக் கோணத்தில் தூக்கிப் பிடிக்கிறோம் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. தரையை நோக்கித் தொங்கவிட்டபடி சுருட்டினால் வேர் படுத்தேதான் இருக்கும். தலைத்தோலுக்கு நேர் செங்குத்தாகத் தூக்கினால் வேர் எழும். அதையும் தாண்டி, முடி விழ வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பிடித்துச் சுருட்டி, ரோலர் தன் வேரின் மேலேயே உட்கார்ந்தால் நன்றாக எழும். உச்சியில் நாலைந்து கற்றைக்கு மட்டும் இப்படிச் செய்தால் போதும். காதோரம் செய்தால் முகம் அகன்று தெரியும்.

வகிடு வருஷக்கணக்காக ஒரே இடத்தில் இருந்தால் அங்கே முடி தானாகவே படியும். ஈரமாக இருக்கும்போதே வகிட்டைப் பக்கத்தில் மாற்றி எடுத்து உலர்த்துங்கள்.

இரவு ரோலர் போட்டுப் படுத்தேன், காலையில் உள்ளே இன்னும் ஈரம்

நம் ஊர் சீதோஷ்ணத்தில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். சொட்டச் சொட்ட நனைந்த முடியில் ஸ்பாஞ்ச் ரோலர் போட்டால், ஸ்பாஞ்சே தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். முக்கால் பாகம் உலர்ந்து, தொட்டால் ஜில்லென்று மட்டும் இருக்கும் முடிதான் ரோலருக்குச் சரியான பதம். ரொம்பக் காய்ந்துவிட்டால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம்.

காலையில் எல்லாவற்றையும் ஒரேயடியாக அவிழ்க்காதீர்கள். பிடரியில் ஒன்று, உச்சியில் ஒன்று மட்டும் அவிழ்த்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் அவற்றைத் திரும்பச் சுற்றி, ரோலரோடேயே டிரையரில் மிதமான சூட்டில் காட்டி, பிறகு குளிர்காற்றில் ஆற விடுங்கள். ஈரத் தலையோடு தினமும் படுப்பது நல்ல பழக்கம் இல்லை. தலைத்தோல் அரிக்கும், வாடை வரும், பொடுகு உள்ளவர்களுக்கு அது கூடும். மாலையிலேயே போட்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சமையல், சீரியல் எல்லாம் முடித்துவிட்டு, படுக்கும் முன் அவிழ்த்துவிடுவது மேல்.

வெல்க்ரோ ரோலர் சிக்கிக்கொண்டது

இழுக்காதீர்கள். யாரையும் இழுக்கவும் விடாதீர்கள். அந்தச் சின்னச் சின்னக் கொக்கிகளில் ஈரமுடி சிக்கினால் இழுக்க இழுக்க இறுகும். கண்டிஷனரோ தேங்காய் எண்ணெயோ விரலில் எடுத்து, சிக்கிய இடத்தில் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு வால் சீப்பின் காம்பால், ஓரத்தில் இருந்து சில முடிகளாகப் பிரித்து எடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் கத்தரிக்கோலால் ரோலரை வெட்டுங்கள், அதன் கூடு மெல்லிய பிளாஸ்டிக்தான். நாற்பது ரூபாய் ரோலரைக் காப்பாற்ற முன்நெற்றி முடியை வெட்டியவர்களை எனக்குத் தெரியும். அடுத்த முறை வெல்க்ரோவை முழுக்க உலர்ந்த முடியில் மட்டும் போடுங்கள்.

கிளிப் போட்ட இடத்தில் கோடு விழுந்திருக்கிறது

கிளிப்புக்கும் முடிக்கும் நடுவில் டிஷ்யூ மடித்து வைத்தால் விழாது. விழுந்ததை ஈர விரலால் தடவி டிரையர் காட்டினால் போய்விடும்.

சுருள் பிரிந்து பஞ்சாகச் சிலிர்த்து நிற்கிறது

முதல் கேள்வி: எதால் சீவினீர்கள்? நெருக்கமான பல் உள்ள சீப்பு சுருளை இழை இழையாகப் பிரித்துவிடும். விரலால் கோதுங்கள், இல்லையென்றால் அகலப் பல் சீப்பு.

இரண்டாவது, முடியில் தடவியது என்ன? லேபிளில் உள்ள பொருள் பட்டியலில் கிளிசரின் முதல் சில பெயர்களுக்குள் இருக்கும் ஜெல், க்ரீம் எல்லாம் ஈரக்காற்றில் ஈரத்தை இழுத்து முடிக்குள் போடும். வறண்ட ஊரில் உள்ளவர்கள் புகழ்ந்து தள்ளும் பொருள் கடலோரத்தில் காலை வாருவது இப்படித்தான்.

மூன்றாவது, தண்ணீர். போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்பு அதிகம் இருந்தால் அது முடியில் படிந்து முரடாக்கும், ஷாம்பூவும் சரியாக நுரைக்காது. கடைசி ஒரு சொம்பு மட்டும் வடிகட்டிய தண்ணீரில் அலசிப் பாருங்கள். ஒரு சொம்புத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றி அலசுவதும் உதவும். குட்டை முடிக்கு ஒரு சொம்பு தாராளமாகப் போதும், இந்த ஒரு விஷயத்தில் நமக்கு லாபம்.

பிறவியிலேயே சுருட்டை முடி உள்ளவர் என்றால் விஷயமே வேறு. உங்களுக்குக் கம்பி தேவையில்லை. உலர்ந்த முடியைச் சீவுவதுதான் சிலிர்ப்புக்குக் காரணம். ஈரத்தில் சிக்கெடுத்து, ஜெல் தடவி, கையால் கசக்கிவிட்டு, காயும் வரை தொடாமல் இருந்தாலே சுருள் தானாக வடிவெடுக்கும். திரும்பத் திரும்பச் சூடு வைத்தால் இருக்கிற சுருளும் நிரந்தரமாகத் தளர்ந்துபோகும்.

ஜெல் காய்ந்து வெள்ளை வெள்ளையாக உதிர்கிறது, அல்லது பிசுபிசுக்கிறது

உதிர்ந்தால் அளவு அதிகம், இல்லையென்றால் இரண்டு பொருள் ஒன்றோடொன்று சேராமல் திரிந்திருக்கிறது. மூஸையும் (முடிக்குத் தடவும் நுரை) ஜெல்லையும் முதலில் உள்ளங்கையில் ஒரு துளி ஒரு துளியாகக் கலந்து பாருங்கள். மோர் திரிந்த மாதிரி ஆனால் தலையிலும் அதேதான் நடக்கும். பிசுபிசுத்தால் சந்தேகம் பிவிபி என்ற பிசின் மேல், மலிவான ஜெல்களில் அதிகம் இருப்பது. அது காற்றின் ஈரத்தைக் குடித்து இளகிவிடும்.

வீட்டிலேயே ஆளி விதை ஜெல் காய்ச்சிக்கொள்ளலாம். கால் கப் விதைக்கு இரண்டு கப் தண்ணீர். அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டால் பத்து நிமிடத்துக்குள் முட்டை வெள்ளைக்கருப் பதத்துக்கு வரும். சூடாக இருக்கும்போதே வடிகட்டிவிடுங்கள், ஆறவிட்டால் விதையை விட்டு வராது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். குட்டை முடிக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

ரொம்ப இறுகி, வயசான தோற்றம் வந்துவிட்டது

நனைக்காதீர்கள். ரோலர் எடுத்ததும் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், அது பாதி வேலைதான். முழுக்க ஆறிய பிறகு, வேரில் விரலை விட்டு அசைத்து, அகலப் பல் சீப்பால் அல்லது மென்மையான பிரஷ்ஷால் வளையங்கள் ஒன்றோடொன்று கலக்கும் வரை சீவுங்கள். முதலில் பயமாக இருக்கும், தலை பெரிதாகிவிட்ட மாதிரி தெரியும். நிறுத்தாமல் சீவினால் அது அலையாக மாறி அடங்கும். மேலே ஒரே ஒரு துளி சீரத்தை உள்ளங்கையில் தேய்த்து ஒற்றி எடுங்கள். ஈர ரோலர் செட்டுக்கு இது பொருந்தும். கம்பியால் 13 மில்லிமீட்டரில் போட்ட சுருள் என்றால் விரலால் நேராக நீட்டிப் பிடித்து டிரையரை இரண்டு விநாடி காட்டுங்கள், தளரும்.

பிடரி எட்டவில்லை, கழுத்தில் சுட்டுக்கொண்டேன்

சுட்ட இடத்தில் உடனே குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பேஸ்ட், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ கண்ணருகே பட்டிருந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பிடரிக்குக் கம்பியே தேவையில்லை, ஹேர்பின் குத்திப் போடும் சுருள் போதும். ஈரமுடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சதுரமாக ஒரு கற்றை எடுங்கள். ஆளி விதை ஜெல் தடவிச் சீவி, நுனியை உள்ளே வைத்து விரல் நுனியால் தட்டையாகச் சுருட்டிக்கொண்டே வேர் வரை வாருங்கள். நடுவில் வெற்றிடம் இருக்க வேண்டும், அதன் அளவுதான் சுருளின் அளவு. தலையோடு படுக்கவைத்து இரண்டு பக்கப்பின்களைப் பெருக்கல் குறி மாதிரி குத்துங்கள். ஒரு வரிசை வலஞ்சுழி, அடுத்த வரிசை இடஞ்சுழி என்று மாற்றிப் போட்டால் சீவும்போது அலையாக வரும். எல்லாம் ஒரே பக்கம் சுருட்டினால் வெறும் சுருள். கண்ணாடி தேவையில்லை, விரலுக்கே வழி தெரியும். 4 சென்டிமீட்டர் முடிக்கும் இது நடக்கும். அதற்கும் கீழே என்றால் ஜெல் தடவிப் படியச் சீவிவிடுங்கள், சுருட்ட ஒன்றும் இல்லை.

இதெல்லாம் அலுத்துப்போய், வீட்டிலேயே பெர்ம் போடலாமா என்று தோன்றுகிறது

பெர்ம் வேலை செய்வது ஹைட்ரஜன் பிணைப்பில் இல்லை, அதைவிட வலுவான டைசல்ஃபைடு பிணைப்பில். தியோகிளைகோலேட் என்ற மருந்து அதை அறுக்கும், பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டுப் புதிய வடிவத்தில் ஒட்டவைப்பார்கள். அதனால்தான் குளித்தாலும் போகாது. பிசகினாலும் போகாது, வளர்த்து வெட்ட வேண்டியதுதான். குட்டை முடியில் மருந்து தலைத்தோலுக்கு வெகு அருகில் நிற்கும், கழுத்தில் வழியும். பிடரியைத் தானே பார்த்துச் செய்யவும் முடியாது. இதைப் பார்லருக்கு விட்டுவிடுங்கள்.

போகும்போது இரண்டு விஷயம் மறைக்காமல் சொல்லுங்கள். மருதாணி போட்டிருந்தால் சொல்லுங்கள், அது முடிமேல் படிந்து மருந்தைச் சீராக உள்ளே விடாது. நரை மறைக்கப் பெயர் தெரியாத கறுப்புப் பொடி ஏதாவது போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சிலவற்றில் உலோக உப்பு இருக்கும், பெராக்சைடு பட்டால் சூடேறி முடியே அறுந்துவிடும். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு கற்றையை வெட்டிச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்ய மாட்டோம் என்று சொல்லும் கடையில் உட்காராதீர்கள். போட்டு வந்த பிறகு இரண்டு நாள் தலைக்கு ஊற்றக் கூடாது, அதனால் தீபாவளிக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள். மறுநாள் விடிகாலையில் எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொல்லி வீட்டில் எழுப்புவார்கள்.